நாற்பத்தோராம் கம்பத்துப் பறவை

மின்கம்பிக்குப் பக்கத்தில் மரம் வெட்டுகிற கூட்டத்தில் ஓர் ஆளுக்குச் சம்பளமே சும்மா நிற்பதற்குத்தான். பார்வைக்காரன் என்று பெயர். கழுத்தில் விசில், கண் கம்பியின்மேல். காலடியில் கிடக்கிற சுள்ளியைக்கூட அவன் குனிந்து எடுக்கக் கூடாது. கிளையோ ரம்பமோ கம்பியை நெருங்குவதுபோல் தெரிந்தால் ஊதுவான். ஊதினால் மேலே இருப்பவர் அந்த நொடியே ரம்பத்தை அணைக்க வேண்டும். ஏன், எதற்கு என்பதெல்லாம் அணைத்த பிறகுதான்.

மெரின் இருபது வருஷமாக மேலே இருப்பவள். தூக்கு வண்டியின் கூடையில் ஏறி நின்றால் கிப்ஸ்லாந்து மலையில் அவளை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். அவளும் மறுத்ததில்லை. ஆனால் நாற்பத்தோராம் கம்பத்துப் பக்கம் இரண்டு குளிர்காலமாக அவள் தலைகாட்டவில்லை. முறை வரும்போதெல்லாம் முதுகுவலி வந்துவிடும். இந்தத் தடவை அந்த வலி செல்லுபடியாகவில்லை.

போதாக்குறைக்குப் பார்வைக்காரனாக வந்து வாய்த்தவன் நெவில். இரண்டு வருஷத்துக்கு முன் இதே கம்பத்தடியில் செத்துப்போன அவளுடைய பழைய பார்வைக்காரன் க்ளெமின் தம்பி.

"என்ன மெரின், மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு? நேத்து குடிச்சது இன்னும் இறங்கலையா?" வண்டியை நிறுத்தும்போதே வம்புக்கிழுத்தான்.

"காலங்காத்தால உன் மூஞ்சியில முழிச்சா யாருக்கும் இப்படித்தான் இருக்கும்."

நெவில் சிரித்தான். பிறகு கம்பத்தை மேலும் கீழும் பார்த்தான். "இங்கேதானே?"

"ஆமா."

அதற்குமேல் அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

நடந்தது ஊருக்கே தெரியும். அதாவது, மெரின் சொன்ன வரைக்கும் தெரியும். மழை இறங்கப்போகிற வெள்ளிக்கிழமை, கடைசிக் கிளை. கிளை முறிந்து கம்பிமேல் சாய்ந்தது. கம்பி அறுந்து கீழே நின்ற க்ளெம்மேல் விழுந்தது. "பார்வைக்காரர் ஊதினாரா?" என்று விசாரணையில் கேட்டார்கள். "எனக்கு எதுவும் கேட்கலை" என்றாள். அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. அதிலிருந்து பாதுகாப்பு வகுப்பில் க்ளெமின் படத்தைப் போட்டு, பார்வைக்காரன் பராக்குப் பார்த்தால் இதுதான் கதி என்று பாடம் நடத்துகிறார்கள். நெவில் முன்வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்பான். மெரின் பின்வரிசையில் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

காலை ஒன்பது மணிக்கும் கம்பிப் பாதைக்குக் கீழே இருந்த பள்ளத்தில் பனி விலகவில்லை. பாதைவரை அது ஏறி வரவில்லை என்பதால் கம்பியும் நெவிலின் மஞ்சள் சட்டையும் தெளிவாகத் தெரிந்தன. மெரின் கூடையில் ஏறி இரண்டு கிளைகளைச் சுத்தமாக இறக்கினாள். கை பழகிய வேலையில் மனசும் கொஞ்சம் அடங்கியது. மூன்றாவது கிளையில் ரம்பத்தை வைத்தாள்.

விசில் கேட்டது.

அது நெவிலின் விசில் இல்லை. கடைசியில் உடைந்து படபடக்கிற ஊதல். பதினோரு வருஷம் தினமும் கேட்டது. மெரினுக்கு உச்சந்தலை சில்லிட்டது. கை தானாகவே ரம்பத்தை அணைத்தது.

ரம்பம் நின்றது. ரம்பச் சத்தம் நிற்கவில்லை.

பள்ளத்துப் பனிக்குள்ளிருந்து அது வந்துகொண்டிருந்தது. கையிலிருந்ததைக் குனிந்து பார்த்தாள். சங்கிலி அசையாமல் கிடந்தது. மறுபடி அந்த விசில். மறுபடி ரம்பம், மரத்துக்குள் இறங்கும்போது கனக்கிற அதே உறுமலோடு. அப்புறம் பெரிய கிளை ஒன்று நெடுக முறிகிற ஓசை. அதோடு எல்லாம் அடங்கிவிட்டது.

"யாழ்ப்பறவை," என்றான் நெவில் கீழிருந்து. அவன் குரல் சரியில்லை.

காட்டுக்குள் கேட்டதையெல்லாம் திருப்பிச் சொல்கிற பறவைதான் அது. நாய்க் குரைப்பு, கோடாலி, எதையும் விடாது. ஆனால் ஒருமுறை கேட்டு எதையும் பிடித்துக்கொள்ளாது, நாள்கணக்கில் கேட்க வேண்டும் என்பார்கள். அப்படியானால் இந்தப் பள்ளத்தில் யார் அதற்கு நாள்தோறும் ஊதிக் காட்டியது? மெரின் அந்த நினைப்பை மேலே ஓடவிடவில்லை.

பறவை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. அதே வரிசை, ஒன்று கூடாமல் குறையாமல்.

"கூடையை இறக்கு," என்றான் நெவில்.

கூடையை இறக்கி, ரம்பத்தோடு வெளியே வந்தாள்.

"அது எங்கண்ணன் விசில். என் நாய் கடிச்சு ஓரம் பிஞ்சுபோச்சு. புதுசு வாங்கித் தர்றேன்னேன், இதுதான் ராசின்னு சொல்லிட்டார். அதை அவரோடயே வச்சுத்தான் புதைச்சோம்."

மெரின் ரம்பத்தைக் கீழே வைத்தாள்.

"பறவைதானே," என்று அவனே தொடர்ந்தான். "எங்கெங்கேயோ கேட்டதை ஒண்ணா ஒட்டவச்சிருக்கும். அப்படித்தானே மெரின்?"

ஆமாம் என்று ஒரு தலையசைப்புப் போதும். அவனே வழிவிட்டு நிற்கிறான். இரண்டு வருஷம் சுமந்த பொய்யை இன்னும் இருபது வருஷம் சுமந்துவிடலாம். ஆனால் அவன் கண்ணைப் பார்த்தாள், முடியவில்லை.

"ஊதினார்," என்றாள். "கேட்டுச்சு. ஒரே ஒரு வெட்டுதான், முடிச்சிடலாம்னு வெட்டினேன். ஒரு கிளைக்காக மறுபடி மலை ஏறணுமேன்னு... அவ்வளவுதான் நெவில். அதுக்குத்தான்."

அடிப்பான் என்று எதிர்பார்த்தாள். அடித்திருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் கம்பத்தடியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ரெண்டு தடவை ஊதியிருக்கார்," என்றான்.

"மூணு."

"பறவை ரெண்டுதான் ஊதுது."

"கிளை கம்பிமேல சாய்ஞ்சதும் அவர் ஓடியிருக்கலாம். ஓடலை. என்னைப் பார்த்துக்கிட்டே இன்னொரு தடவை ஊதினார். அது பாதியிலேயே நின்னுபோச்சு."

நெவில் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அடுத்த மாசம் வகுப்பு இருக்கு. முன்னாடி நின்னு, எங்கண்ணன் படத்துக்குப் பக்கத்துல நின்னு, இதைச் சொல்லு."

"சொல்றேன்."

பள்ளத்தில் பறவை மறுபடி ஆரம்பித்தது. விசில், ரம்பம், விசில், ரம்பம், முறிவு. இருவரும் அடக்கியிருந்த மூச்சை விட்டார்கள். இந்தத் தடவை அது முறிவோடு நிற்கவில்லை; மூன்றாவதாக ஒரு விசில் எழுந்து பாதியில் அறுந்தது.