வெள்ளி ஊசி எந்த ஊர்?

“அந்நிய மணப்பெண்.” எங்கள் நூதனசாலையின் புதிய கண்காட்சிப் பலகைக்கு என் மேலாளர் இங்குன் எழுதிவைத்த வாசகம் இது. வாசித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ரோமப் பேரரசு சரிந்து நூறாண்டுக்குள் இந்தக் குளிர்நாட்டு மண்ணில் புதைக்கப்பட்டவள் அவள். புதைகுழியில் அவளோடு உடுப்பைத் தோளில் பொருத்த ஒரு வெள்ளி ஊசி. ரைன் நதிப் பக்கத்து வேலைப்பாடு. அதை வைத்து அவளைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து கல்யாணமும் கட்டிவைத்துவிட்டார்கள். பானை, கத்தி, மணிமாலை எல்லாம் உள்ளூர்ச் சாமான். அவற்றை ஒருவரும் சட்டை செய்யவில்லை. ஊசி பரிசாக வந்திருக்கலாம், சந்தையில் ஆசைப்பட்டு வாங்கியதாகவும் இருக்கலாம் என்று தொண்டைத்தண்ணீர் வற்றக் கத்தினேன். பார்வையாளர்களுக்கு ஒரு கதை வேண்டுமே என்றாள் இங்குன். அந்தப் பலகையில் அவளை இந்த ஊர்க்காரி என்று எழுதவைக்காமல் விடுவதில்லை என்று நானும் பிடிவாதமாக நின்றேன்.

பல்லைச் சோதித்தால் சின்ன வயதில் எந்த மண்ணின் தண்ணீரைக் குடித்தாள் என்று தெரியும். ஆய்வுகூடத்தில் அந்த வேலையைச் செய்பவள் மீரா, கோயம்புத்தூர்க்காரி. ஓர் ஊசியை வைத்தா ஊர் சொல்கிறார்கள் என்று விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் என் கழுத்தைப் பார்த்தாள்.

“நீங்க கிறிஸ்டியனா? தாலில புறா இருக்கே.”

“அது மாமி செய்விச்சுத் தந்தது. அவதான் கிறிஸ்டியன். நான் முருகன் கோயிலுக்குப் போறனான்.”

தலையிலடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் வேலையில் கெட்டிக்காரி. அடுத்த கிழமை முடிவு வந்தது: அந்தப் பெண் இங்கேயே பிறந்து வளர்ந்தவள்.

தாளைத் தூக்கிக்கொண்டு இங்குனிடம் ஓடினேன். அவள் முகம் சுளிக்கவில்லை. தான் நினைத்தது பிழை என்று பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டு, பழைய வாசகத்தை அழித்துப் புதிதாகத் தட்டினாள்: “இங்கே பிறந்த, குடியேறியவர்களின் மகள்.”

எந்தக் குடியேறியவர்கள், அவர்களுடைய எலும்பு எங்கே என்று கேட்டேன். ஊசி எங்கிருந்தோ வந்திருக்க வேண்டுமே என்றாள். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள், முகம் மலர்ந்துவிட்டது.

“உன்னைப் போலவே, நிலூஜா!”

திறப்பு விழாவில் நான் அந்தப் பெண்ணின் எலும்புகளுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்தால் மிகப் பொருத்தமாக இருக்குமாம். சேலை உடுத்து வரவேண்டுமாம்.

நான் இதே நகரத்து மோர்டென்ஸ்ருட்டில் பிறந்து வளர்ந்தவள். வந்த ஆத்திரத்தில், அலுமாரி நிறையச் சேலையை வைத்துக்கொண்டு, என்னிடம் ஒரு சேலைகூட இல்லை என்று சொன்னேன்.

கவலைப்படாதே என்று என் தோளைத் தட்டினாள் இங்குன். வெளிநாட்டுக்காரர் கடைகள் நிறைந்த குறொன்லாண்டில் நல்ல சேலைகள் கிடைக்குமாம். நூதனசாலையே வாங்கித் தருமாம்.