வெடி ஓய்ந்த பிறகு

கிழவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தபோதுதான் முதல் வெடி அதிர்ந்தது. ஏர்னஸ்ற்றின் கையிலிருந்த கத்தி வழுக்கிக் கிழவரின் தாடையில் இரத்தம் கசிந்தது. அடுத்தது இன்னும் கிட்டக் கேட்டது. மூளை யோசிப்பதற்குள் கால்கள் ஓடிவிட்டன. பாதிக் கன்னத்தில் நுரையோடிருந்த மனிதரைத் தோளில் தூக்கிக்கொண்டு தான் வேலை பார்க்கிற பலேர்மோ வீட்டுக்கு அடியிலிருந்த நிலவறைக்குள் இறங்கிய பிறகுதான் அவனுக்கு மூச்சே வந்தது.

"ஐயா, வாயைத் திறவுங்கோ! இல்லாட்டிக் காது வெடிச்சுப்போம்!" என்று தமிழில் கத்தினான். அந்த மனிதருக்குத் தமிழ் என்ன தெரியும்! ஆனால் கிழவர் ஏற்கெனவே வாயை ஆவென்று திறந்து, காதுகளில் விரல்விட்டு, சுவரோடு ஒட்டிக் கிடந்தார். பெற்ற மகளின் பெயரையே மறந்துபோனவர். பத்தொன்பது வயதில், முதலாம் உலகப் போரில், வடக்கே மலைப் பதுங்குகுழிகளில் கிடந்தவராம். அந்த மகள், வீட்டுக்காரி சிஞ்ஞோராதான் சொல்லியிருந்தாள்.

வெடிகளுக்கு நடுவே பேண்ட் வாத்தியம் கேட்டது. பக்கத்துக் கால்சாக் கோவிலின் பெருநாள் வெடி! பின்னேரப் பூசைக்கென்று அவனே லீவு கேட்டிருந்தான். வெட்கத்தில் காது சுட்டது. மேலே சிஞ்ஞோரா "பப்பா! பப்பா!" என்று அலறிக்கொண்டு அறை அறையாக ஓடினாள். அவள் கையெழுத்துப் போட்டால்தான் பேர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி கிடைக்கும். அது கிடைத்தால்தான் இலங்கையில் மடு அகதி முகாமில் கிடக்கிற மனைவி கிளறாவையும் குழந்தையையும் இங்கே கூப்பிடலாம்.

வெடி ஓய்ந்தது. அவன் எழும்பினான். கிழவர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"அஸ்பெத்தா."

பொறு என்கிறார். ஊரில் ஒரு மாரி முழுக்க முழங்கால் தண்ணீரில் ஏர்னஸ்ற்றோடு ஒரே பங்கருக்குள் கிடந்த பீலிக்ஸும், ஷெல் ஓய்ந்துவிட்டதென்றுதான் தலையை வெளியே நீட்டினான்.

"ஐயா, இது பெருநாள் வெடி. விடுங்கோ, என்ரை வேலை போயிடும்."

கிழவரின் பிடி இறுகியது. கதவு திறந்தது. மேல்படியில் நின்ற சிஞ்ஞோராவின் கண்ணில் முதலில் பட்டது தகப்பனின் இரத்தம். அடுத்தது ஏர்னஸ்ற்றின் கையிலிருந்த சவரக்கத்தி. அதைக் கீழே வைக்க அவனுக்குத் தோன்றவேயில்லை, பாவி. பொலிஸைக் கூப்பிடப்போகிறேன், இனி இந்த வீட்டு வாசலை மிதிக்காதே என்று அவள் இத்தாலியனில் கத்தினாள்.

கிழவர் கையை உயர்த்தினார்.

"ஜூ, எமிலியானா! ஜூ!"

குனி, குனி. தன் பெயரை அந்த வாயிலிருந்து கேட்டுச் சிஞ்ஞோராவுக்கு எத்தனை வருசமோ. ஒரு படி இறங்கினாள்.

பலேர்மோக்காரர்கள் ஆகப் பெரிய வெடியைக் கடைசிக்கென்று வைத்திருப்பார்கள். அது இப்போது வெடித்தது. கூரையிலிருந்து சுண்ணாம்புத் தூள் கொட்ட, மூன்று தலைகளும் ஒன்றாகக் குனிந்தன.