சிரிப்பு வந்தால்தான்

டைல்ஸ் கடையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கலகல என்றால்தான் தெரியும். வாஷ்பேசின், குழாய், ஷவர், கம்மோடு என்று குளியலறைச் சாமான்கள் பிரிவு முழுக்க அவர் பொறுப்பு. ஆனால் பட்டப்பெயர் வந்தது விற்பனையால் அல்ல, சிரிப்பால். யார் என்ன சொன்னாலும் சிரிப்பார். அதுவும் உதட்டோரச் சிரிப்பு அல்ல. தலையைப் பின்னால் சாய்த்து, தொடையில் தட்டி, கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு முடிக்கிற முழுச் சிரிப்பு. மாடியில் கிரானைட் பார்த்துக்கொண்டிருப்பவர்கள்கூட என்னவோ ஏதோ என்று கீழே எட்டிப் பார்ப்பார்கள்.

மேனேஜருக்கு அந்தச் சிரிப்பு இல்லாமல் பொழுது போகாது. வாடிக்கையாளர் யாராவது கம்மோடைத் தட்டிப் பார்த்து "இது எத்தனை வருஷம் தாங்கும்?" என்று கேட்டுவிட்டால் போதும், மனிதர் எங்கிருந்தாலும் ஓடி வந்துவிடுவார். "அது உட்கார்றவங்க சாப்பாட்டைப் பொறுத்தது சார்!" என்பார். சொல்லிவிட்டு வாடிக்கையாளரைப் பார்க்க மாட்டார், கலகலவைத்தான் பார்ப்பார். கலகலவும் அன்றுதான் முதல்முறையாகக் கேட்பதுபோல விழுந்து விழுந்து சிரிப்பார். கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன ஜோக். அந்தக் கம்மோடுக்கு வாய் இருந்தால் அதுவே மேனேஜருக்கு முன்னால் சொல்லி முடித்துவிடும்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த கலகலவைக் கெடுத்தது ஒரு பயிற்சி வகுப்பு. முதலாளிக்கு யாரோ சொல்லிவிட்டார்கள், ஊழியர்களுக்கு மனநிறைவு இருந்தால் வியாபாரம் பெருகும் என்று. சம்பளத்தைக் கூட்டினாலும் மனம் நிறையும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. ஒரு திங்கட்கிழமை கடை திறப்பதற்கு முன்னால் எல்லோரையும் மாதிரிக் குளியலறைகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். பயிற்சி கொடுக்க வந்த பெண்மணிக்குத் தூங்குகிற குழந்தையை எழுப்பாமல் பேசுகிற குரல். கண்ணை மூடுங்கள் என்றார். மூச்சைக் கவனியுங்கள் என்றார். தோளைத் தளர்த்துங்கள், கையைத் தளர்த்துங்கள், இப்போது முகத்தைத் தளர்த்துங்கள் என்றார்.

தோள் தளர்ந்தது, கை தளர்ந்தது. முகத்துக்கு வந்தபோதுதான் கலகலவுக்கு விஷயம் புரிந்தது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். இருட்டுக்குள், கண்ணை மூடிக்கொண்டு, யாரும் பார்க்காத நேரத்தில், கன்னம் இரண்டும் மேலே ஏறி, பல் தெரிய, தயாராக உட்கார்ந்திருந்தார். இறக்கப் பார்த்தார். இறங்கிய முகம் மறு நிமிஷமே தானாக ஏறிக்கொண்டது. யாருக்காக இது என்று அவருக்கே தெரியவில்லை.

"நீங்கள் நீங்களாக வாழ ஒரே ஒரு உறுதி எடுத்துக்கொள்ளுங்கள்," என்றது அந்த மெத்தென்ற குரல். "சின்னதாக இருக்கட்டும். தினமும் காலையில் எழுந்ததும் அதை மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்."

மற்றவர்கள் நிறையத் தண்ணீர் குடிப்பதாகவும் போனைக் குறைப்பதாகவும் உறுதி எடுத்தார்கள். பில் போடுகிற பையன் சீக்கிரம் தூங்குவதாகச் சொல்லிவிட்டு அங்கேயே கொட்டாவி விட்டான். கலகல மட்டும் வாய் திறக்கவில்லை. மறுநாள் காலை படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து கண்ணை மூடி, மனதுக்குள் சொல்லிக்கொண்டார்: இன்றைக்குச் சிரிப்பு வந்தால்தான் சிரிப்பேன்.

கடையில் அது நன்றாகவே வேலை செய்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். மேனேஜர் வழக்கம்போலக் கம்மோடு ஜோக்கைச் சொல்லிவிட்டுத் திரும்பினார். கலகல தலையை ஆட்டிவிட்டு வாரண்டி அட்டையை எடுத்து வாடிக்கையாளரிடம் நீட்டினார். மேனேஜர் காது கேட்கவில்லையோ என்று நினைத்து இன்னொரு தடவை சொன்னார். அதற்கும் சிரிப்பு இல்லை. சாயங்காலம் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு, "உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார். "நல்லாத்தான் சார் இருக்கேன்." "வேற எங்கயாவது வேலை பாத்துட்டீங்களா?" "இல்ல சார்." அதற்குப் பிறகு மேனேஜர் கலகலவின் முன்னால் ஜோக் அடிப்பதை நிறுத்திவிட்டார். அது மட்டுமல்ல, புதுக் குழாய்களுக்கு எந்தக் கம்பெனியை எடுக்கலாம் என்று யோசனையும் கேட்க ஆரம்பித்தார். கலகலவுக்கு மார்பு விரிந்தது. இத்தனை வருஷம் இதைச் செய்யாமல் போனோமே என்று இருந்தது.

ஆனால் உறுதிக்குக் கடை எது, வீடு எது என்று தெரியாது.

அவர் மனைவிக்குப் பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பு மேஜை வேலை. வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுப்பது, போன் எடுப்பது, பயந்து நடுங்குகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைப்பது. ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் அன்றைக்கு நடந்ததை ஒரு கதையாவது சொல்லாமல் விட மாட்டாள். உள்ளதைச் சொன்னால், அவளுக்குக் கதை சொல்ல வராது. முடிவை முதலில் சொல்லிவிடுவாள். பிறகு "இருங்க, அதுக்கு முன்னாடி ஒண்ணு" என்று பின்னால் போவாள். சிரிப்பு வருகிற இடத்துக்கு நாம் போவதற்குள் அவள் போய்ச் சிரித்து முடித்துவிட்டிருப்பாள். கலகல ஒரு நாள் விடாமல் சிரித்திருக்கிறார். கல்யாணமான புதிதில், புது வீட்டில் வாயே திறக்காமல் இருந்தவள் ஒரு நாள் தயங்கித் தயங்கி எதையோ சொன்னாள். அவர் சிரித்தார். அவள் முகம் மலர்ந்ததே, அதைப் பார்த்த பிறகு எந்த மனிதன் நிறுத்துவான்?

இப்போது நிறுத்தினார்.

அன்றைக்கு அவள் சொன்னது, பொய்ப்பல் செட்டை மாற்றி எடுத்துக்கொண்டு வந்த ஒருவரைப் பற்றி. தன்னுடையதை வீட்டில் வைத்துவிட்டு மனைவியுடையதைப் போட்டுக்கொண்டு வந்து, வாய் சுருங்கிவிட்டது என்று டாக்டரிடம் சண்டை பிடித்தாராம். சொல்லிவிட்டு அவள் தட்டில் கையை வைத்தபடியே குலுங்கிச் சிரித்தாள். கலகல உள்ளே தேடிப் பார்த்தார். சிரிப்பு இல்லை. "ம்," என்றார். "அப்புறம் அந்தம்மா என்ன பண்ணாங்க?"

ஒரு சிரிப்பு. ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கிற நேரம்தான் ஆகும். கொடுத்திருக்கலாம், பாவி மனுஷன் கொடுக்கவில்லை.

"நான் சரியாச் சொல்லல போல," என்று அவள் மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள், இந்தத் தடவை அந்த ஆள் மாதிரி வாயைக் குவித்துக்கொண்டு. கலகல மரியாதையாகக் கேட்டார். கதை முடிந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார்.

அடுத்த நாள் கதை சின்னதாக வந்தது. அதற்கடுத்த நாட்களில் இன்னும் சுருங்கி, "இன்னைக்குக் கூட்டம் ஜாஸ்தி" என்பதில் வந்து நின்றது. பிறகு அதுவும் இல்லை. சாப்பாட்டு மேஜையில் தட்டில் கரண்டி படுகிற சத்தம் பக்கத்து வீடு வரைக்கும் கேட்கும்போல் இருந்தது. கலகலவுக்கு உறுத்தாமல் இல்லை. ஆனாலும் காலையில் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து கண்ணை மூடுவதை விடவில்லை. நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு வந்துவிட்டால் மனிதனுக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது.

காலேஜ் படிக்கிற மகள்தான் கேட்டாள். "அப்பா, அம்மா இப்பல்லாம் பேசறதே இல்ல. கவனிச்சீங்களா?"

"வேலை அதிகமா இருக்கும்மா."

"வேலை எப்பவும் அதிகம்தான்," என்று சொல்லிவிட்டு அவள் அறைக்குள் போய்விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை துவைத்த துணிகளைக் கட்டிலில் கொட்டி இரண்டு பேரும் மடித்துக்கொண்டிருந்தார்கள். மனைவி தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"என்னங்க, எம்மேல ஏதாவது கோபமா?"

"சேச்சே. அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"அப்ப ஏன் சிரிக்க மாட்டேங்கறீங்க?"

கலகல கடையில் நடந்த வகுப்பைச் சொன்னார். முகத்தைத் தளர்த்தச் சொன்னது, இருட்டில் தன் முகம் சிரித்துக்கொண்டிருந்தது, எடுத்த உறுதி, எல்லாவற்றையும் சொன்னார். மனசு லேசானதுபோல இருந்தது. இவளுக்குப் புரியும் என்று நினைத்தார். அவள் ஒரு தலையணை உறையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"அப்ப இத்தனை வருஷமாச் சிரிச்சதெல்லாம்?"

அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருந்தால் அவரை யாரும் தூக்கில் போட்டிருக்க மாட்டார்கள். "சிலது நெஜம்," என்றார்.

"எது?"

யோசித்தார். எவ்வளவு யோசித்தும் ஒன்றும் பிடிபடவில்லை. நிஜமும் மற்றதும் ஒரே மாதிரிதான் சத்தம் போட்டிருக்கின்றன.

"எனக்கு ஆபரேஷன் ஆச்சே," என்றாள் அவள். "கண்ணு முழிச்சதும் அந்த ஆயா கதை சொன்னேன். நீங்க சிரிச்ச சிரிப்புல நர்ஸ் வந்து திட்டினாங்களே. அது?"

"அன்னைக்கு எனக்குப் பயமா இருந்துச்சும்மா. நீ என்ன சொன்னன்னு காதுலயே விழல. பயத்துல சிரிச்சேன்."

அவள் தலையாட்டினாள். "நான் அன்னைக்கு, இந்தச் சிரிப்பைக் கேட்டதும், சரி, பொழைச்சுக்கிட்டோம்னு நினைச்சேன்," என்றாள். அழவில்லை. மடித்த துணியை அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போனாள். கலகல கையில் இருந்த சட்டையின் பொத்தானை எதற்கென்று தெரியாமல் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை படுக்கை ஓரத்தில் கண்ணை மூடவில்லை. அதற்கப்புறமும் மூடவில்லை. அவள் ஏதாவது சொல்ல மாட்டாளா என்று ஒவ்வொரு ராத்திரியும் சாப்பாட்டை இழுத்தடித்தார். "இன்னைக்கு ஆஸ்பத்திரியில என்ன விசேஷம்?" என்று அவராகவே கேட்டுப் பார்த்தார். "ஒண்ணுமில்லங்க. இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்பாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை, சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். விருந்தாளியை உபசரிப்பதுபோல அவரை உபசரித்தாள்.

அப்புறம் ஒரு சாயங்காலம் அவர் கூடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார். சமையலறையில் மனைவி மகளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். மெதுவான குரல், அவர் காதில் விழ வேண்டும் என்று சொன்னது அல்ல. நடிப்பு இல்லை, முன்னால் பின்னால் போகவில்லை. சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே போனாள்.

டாக்டருக்கே பல் வலியாம். வெளியில் தெரிந்தால் மானம் போய்விடும் என்று ரகசியமாக இன்னொரு டாக்டரை வரவழைத்திருக்கிறார். வெளியே உட்கார்ந்திருந்தவர்களுக்கு உள்ளே யாருக்குப் பிடுங்குகிறார்கள் என்று தெரியாது. திடீரென்று உள்ளேயிருந்து "அம்மா!" என்று ஒரு அலறல். தெரிந்த குரல். "நம்ம டாக்டர் குரல் மாதிரி இருக்கே?" என்று ஒருவர் கேட்டார். ஒவ்வொருவராக எழுந்து, சத்தம் போடாமல், டோக்கனை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு பெரியவர் அவசரத்தில் செருப்பையே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

"அப்புறம்?" என்றாள் மகள்.

"அந்தப் பெரியவரு பொழுது சாய வந்தாரு. உள்ள வரல. ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்னுக்கிட்டு, 'டாக்டர் இருக்காராம்மா?'ன்னாரு. இருக்காருங்கய்யா, வாங்கன்னேன். 'வேணாம்மா. செருப்பை இப்படித் தூக்கிப் போட்டுடு, நான் பிடிச்சுக்கறேன்'னாரு."

கலகலவுக்கு வாயில் இருந்த டீ மூக்கு வழியாக வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் கையை ஏந்திக்கொண்டு நிற்கிற பெரியவர் கண்ணுக்குள் வந்து நின்றார். தலையைச் சாய்க்கவில்லை, தொடையைத் தட்டவில்லை. சத்தமே வராமல் மடங்கிப் போய், விலாவைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்டச் சிரித்தார். இப்படி ஒரு சிரிப்பு தனக்குள் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலுக்கு வந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "பிடிச்சுக்கறேன்னாரா?" என்று கேட்க வந்தவரால் பாதிக்கு மேல் சொல்ல முடியவில்லை. மகளும் அவரைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள்.

மனைவி அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள். நோட்டு நல்லதா போலியா என்று கடைக்காரர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதுபோல அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்து நீட்டினாள்.

"போதுங்க. எனக்காக இவ்வளவு கஷ்டப்படாதீங்க."

"ஐயோ, நெஜம்மா! சத்தியமா சிரிப்பு வருதும்மா," என்றார் கலகல. சிரிப்பு இன்னும் நிற்கவில்லை. நிறுத்தவும் முடியவில்லை, நம்ப வைக்கவும் முடியவில்லை.

"சரிங்க," என்றாள் அவள்.

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கன்னம் இரண்டும் மேலே ஏறி, பல் தெரிய, அவர் மனம் நோகக் கூடாதே என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கலகலவுக்கு நன்றாகத் தெரியும்.