இரவல் நடை

டெலிவிஷன்காரர்கள் வருகிறார்கள் என்றதும் பெரியவர் புதுச் சட்டையைப் பிரித்தார். அதில் குத்தியிருந்த குண்டூசிகளை எடுத்துப் பத்திரமாக ஓர் ஓரத்தில் வைத்தார். தையல்காரர் மகன், ஊசியைக் கண்ட இடத்தில் போட மாட்டார். முந்தின நாள் தம்பி அவர் தோளில் கைபோட்டுச் சொல்லியிருந்தார்: “நாளைக்கு உன்னைப் பத்தியும் சொல்லப்போறேண்ணே. இன்னும் எத்தனை நாளைக்கு மூடி வைக்கிறது?” இந்த வார்த்தைக்காகத் தலை நரைக்கும்வரை காத்திருந்தவர் அவர். வாய்விட்டுக் கேட்கிற ஆள் இல்லை.

தம்பிதான் நடிகர். வேலையாட்களுக்குச் சின்னவர், ஊருக்கு நடை மன்னன். இடது காலை லேசாக இழுத்து, தோளை ஒரு வெட்டு வெட்டி, விழப்போகிறவர் மாதிரி சாய்ந்து சட்டென்று நிமிர்வார். தியேட்டரில் விசில் பறக்கும். இந்த மாடிவீடு, வரிசையாக நிற்கும் கார்கள், படம் பார்ப்பதற்கென்றே ஓர் அறை, எல்லாம் அந்த நடை கொண்டுவந்தவை. பெரியவர் கடைக்குப் போனால் தெருப்பிள்ளைகள், “தாத்தா நடை மன்னன் மாதிரியே நடக்கிறாரு” என்று கத்துவார்கள். அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

உண்மையில் அந்த நடை பெரியவருடையது. சின்ன வயதில் ஓசியில் படம் பார்க்கத் தம்பி சினிமாக் கொட்டகையின் பின்சுவரில் ஏறினான். கால் வழுக்கியது. கீழே நின்ற அண்ணன் தாங்கிப் பிடிக்கப் போக, நேராக அவர் காலின்மேல் வந்து விழுந்தான். அவனுக்குச் சிராய்ப்பு, இவருக்கு எலும்பு முறிவு. “நான்தான் ஏறி விழுந்தேம்பா” என்று பொய் சொன்னதும் இவரேதான். அப்பா திட்டக்கூட இல்லை. பிள்ளைகள்மேல் கை ஓங்கி அறியாத மனிதர். எலும்பு கூடியபோது கால் குட்டையாகிவிட்டது. அதன்பின் அப்பா பெரியவனின் கால்சட்டையில் இடது பக்கத்தை மட்டும் கொஞ்சம் குறைத்துத் தைத்தார், பிள்ளையின் குறை யார் கண்ணிலும் படக்கூடாதென்று.

வளர்ந்தபின் தம்பி நடிக்கப் போனான். ஏறி இறங்காத படியில்லை. செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் ஒரு டைரக்டர், “நொண்டித் திருடன் வேஷம் இருக்கு. நாளைக்கு வந்து நடந்து காட்டு” என்றார். அன்று சாயங்காலம் மொட்டைமாடியில் தம்பி அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒரு தடவை நடந்து காட்டுண்ணே” என்று கெஞ்சினான். ஒரு தடவையோடு நின்றதா? இருட்டும்வரை நடந்து காட்டினார். கால் வீங்கிப்போனது, தம்பிக்கு வேஷம் கிடைத்தது. வீங்கின காலை வைத்துக்கொண்டு சந்தோஷப்பட்ட பைத்தியக்காரர் இவர்.

இப்போது தோட்டத்தில் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. பேட்டி எடுத்த பெண் கேட்டாள், “அந்த நடை எங்கேருந்து வந்துச்சு சார்?” சற்றுத் தள்ளி நின்ற பெரியவர் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“எங்கப்பா பெரிய குடிகாரர்மா,” என்றார் சின்னவர். “படம் பார்க்கப் போனேன்னு, துணி அளக்கிற கட்டையால என் காலை ஒடிச்சுட்டார். ரொம்ப நாள் அப்படித்தான் நடந்தேன். அந்த வலியைத்தான் திரையில காட்டினேன்.” குரல் கம்மியது. கேமரா இருந்த பக்கத்துக் கண்ணில் மட்டும் நீர் வழிந்தது.

பெரியவரை முதலில் சுட்டது அப்பாவைப் பற்றிய பொய்தான். தன்னைப் பற்றிய பேச்சே வரவில்லை என்பதுகூட அப்புறம்தான் உறைத்தது. சாராயக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்காத மனிதரை, செத்த பிறகு குடிகாரராக்கிவிட்டான். அதுவும் அந்தக் கட்டையை வைத்தே. பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்.

“இவர் எங்க அண்ணன். வாண்ணே,” என்று சின்னவர் கை நீட்டினார். பெரியவர் புல்வெளியைக் கடந்து வந்தார்.

கேமராக்காரன் சிரித்துவிட்டான். “என்ன சார், அண்ணனும் உங்க நடையைக் காப்பி அடிக்கிறாரு?”

சின்னவர் ஒரு கணம் திணறினார். உண்மையைச் சொல்ல அந்த ஒரு கணம் தாராளமாகப் போதும். “வீட்டுக்குள்ளேயே எனக்கு முதல் ரசிகர்,” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

பெரியவர் குனிந்து தம்பியின் காதில் கேட்டார். “என்னை விட்டது போகட்டும். அப்பாவை ஏன்டா இழுத்தே?”

சின்னவர் சட்டையில் மாட்டியிருந்த மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார். முகத்தில் சிரிப்பு மாறவில்லை. “அவர்தான் இல்லையேண்ணே. யாருக்கு என்ன நஷ்டம்?”

“அண்ணன் நடந்து வர்றதை இன்னொரு ஷாட் எடுத்துக்கலாமா?” என்றான் கேமராக்காரன்.

சின்னவர் அண்ணன் கையைப் பிடித்தார். “ஒரு தடவை நடந்து காட்டுண்ணே.”

அதே வார்த்தை, அதே கெஞ்சல். மொட்டைமாடியில் கேட்ட அதே குரல். அன்றைக்கும் நடித்துத்தான் இருப்பானோ என்று பெரியவருக்கு முதன்முதலாகத் தோன்றியது. எலும்பு முறிந்தபோதுகூட அவருக்கு இப்படி வலித்ததில்லை.

கையை விடுவித்துக்கொண்டு நடந்தார். புல்வெளியைத் தாண்டினார், கார்களைத் தாண்டினார். “பிரமாதம், அப்படியே திரும்பி வாங்க,” என்றான் கேமராக்காரன். அவர் கேட்டைத் திறந்து வெளியே போய், கொண்டியை மாட்டினார்.

தெருவில் பந்து விளையாடிய பிள்ளைகள் வழக்கம்போல் கத்தினார்கள். “தாத்தா நடை மன்னன் மாதிரியே நடக்கிறாரு.”

பெரியவர் நின்றார். “இல்லப்பா. அவன்தான் என்னை மாதிரி நடக்கிறான்,” என்றார்.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.