அவள் சாப்பிட்டாளா

காவியா கல்லூரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது, தோழியிடம் இரவல் வாங்கியிருந்த ஆங்கில நாவல் சாமி மாடத்தில் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. அட்டையின் நான்கு மூலையிலும் மஞ்சள், நடுவில் குங்குமம். குறுக்கே மஞ்சள் நூல் சுற்றி அதில் கனகாம்பரச் சரம் ஒன்றைச் செருகியிருந்தார்கள்.

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. மாய உலகத்து இளவரசன் ஒருவன்மேல் காதல் கொள்ளும் பெண்ணின் கதை அது. அவள் வயதுப் பிள்ளைகள் பேருந்தில் உட்கார்ந்து படித்துவிட்டு, பாடவேளையில் தங்களுக்குள் கிசுகிசுத்துக்கொள்கிற வகைக் கதை. அட்டையில் ஒரு தேவதைப் பெண். பூவிதழ்களையே கோத்துச் செய்த நீளப் பாவாடை, தோளில் தும்பிக்கு இருப்பது போன்ற சிறகு, காலடியில் ஏரித் தண்ணீர். இதற்குப் போய்ப் பூசையா என்று கேட்கத் திரும்பியவள், அம்மா தீர்த்தம்மாளின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள்.

"பூவாலயே உடுத்திக்கிட்டு தண்ணிக்கரையில நிக்கிறா பாரு கண்ணு. நாம படையல் போடப் போறோம்னு தெரிஞ்சு அவளே வூடு தேடி வந்துட்டா."

கடத்தூர்ப் பக்கத்துக் குடும்பங்களில், கன்னியாகப் போய்ச் சேர்ந்த பெண்ணைப் பூவாடைக்காரி என்று வணங்குவார்கள். கிணற்றடிக்குப் போய்க் கலசத்தில் அவளை அழைத்து வந்து, புதுத்துணி வைத்து, உயிரோடு இருந்தபோது எதையெல்லாம் ஆசையாகத் தின்றாளோ அதையெல்லாம் சமைத்துப் படைப்பார்கள். அந்த வீட்டுப் பூவாடைக்காரி, காவியாவின் அக்கா பாரதி. பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே ஒரு பங்குனி மாதத்தில் காய்ச்சல் கொண்டுபோன பிள்ளை. கடைசி நாட்களில் ஒரு வாய்க் கஞ்சிகூட அவளுக்கு இறங்கவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை அவளுக்குப் படையல். அதுவரை நூலைப் பிரிக்கக் கூடாது என்று தீர்த்தம்மாள் சொல்லிவிட்டாள்.

காவியாவுக்கு இரண்டு சங்கடங்கள். புத்தகம் சமரீனுடையது. கடைவீதியில் வளையல் கடை வைத்திருப்பவரின் மகள். புத்தகத்தில் ஒரு கோடு விழாமல், மூலை மடங்காமல் படிக்கிறவள். குங்குமக் கறையோடு அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது? இன்னொன்று, கடைசி அத்தியாயங்களை அவள் இன்னும் படிக்கவில்லை.

படித்த வரைக்கும் அந்தப் புத்தகம் அவளை உலுக்கிப் போட்டிருந்தது. பக்கத்துக்குப் பத்து வார்த்தைக்குக் கைப்பேசியில் பொருள் தேடித்தான் படித்தாள். கடல் கடந்து, பனி பெய்யும் நாட்டில் யாரோ ஒருத்தி எழுதியது. அதில் மாய உலகத்தாரை விலக்கி வைக்க வாசலில் இரும்பு செருகினார்கள். பிள்ளை பெற்றவள் வெளியே கிளம்பினால் மடியில் இரும்பு முடிந்து அனுப்பும் ஊரில் பிறந்தவள் காவியா. அதைப் படித்ததும் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு நெடுநேரம் பேருந்துச் சன்னலில் ஓடிய புளியமரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே பயம் இரண்டு கரையிலும் இருந்திருக்கிறது. அப்படியானால் ஒரே காவலும் இருந்திருக்க வேண்டும்.

அன்று மாலையே தீர்த்தம்மாள் கேட்டுவிட்டாள், அந்தப் பெண் அங்கே என்ன செய்கிறாள் என்று. கூலிக்குத் தட்டித் தர வியாபாரி இறக்கிவிட்டுப் போன புளி கூடம் முழுக்கக் குவிந்து கிடந்தது. அம்மா தட்டிக் கொட்டை எடுக்க, மகள் நார் உரித்தாள். கை வேலையோடு கதையும் ஓடியது. இஸ்லின் என்ற பெண் ஏரிக்கரைக்குத் தண்ணீர் எடுக்கப் போனதையும், தண்ணீருக்கு அடியில் இருந்த அரண்மனைக்குள் இழுக்கப்பட்டதையும், ஊரார் அவள் செத்துப்போனாள் என்று அழுது தீர்த்ததையும், அங்கிருந்த இளவரசன் அவளிடம் மனம் கொடுத்ததையும் காவியா தனக்கு வந்த தமிழில் சொன்னாள். இளவரசன் அவளைப் பார்க்கும் பார்வையை எழுத்துக்காரி இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். அதை மட்டும் காவியா தாண்டிப் போனாள்.

"நல்ல பையந்தானா?" என்றாள் தீர்த்தம்மாள்.

நல்லவன்தான் என்று சொல்லிவிட்டு, அந்த உலகத்துச் சட்டத்தையும் சொன்னாள் காவியா. அங்கே சமைத்ததில் ஒரு பருக்கை தின்றாலும் பிறகு ஒருநாளும் வீடு திரும்ப முடியாது. அதனால் இஸ்லின் எதையும் தொடவில்லை. அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று பட்டினி கிடந்தாள். எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் அவள் சுவரோடு சாய்ந்த இடத்தில்தான் காவியா அடையாளத்துக்குப் பேருந்துச் சீட்டை வைத்திருந்தாள்.

புளி தட்டும் சத்தம் நின்றுவிட்டது.

"அப்புறம்?"

"அதுக்கு மேல இன்னும் படிக்கலம்மா."

தீர்த்தம்மாள் மறுபடி புளியைத் தட்டத் தொடங்கினாள். இரவு சாப்பிட உட்காரவில்லை. மறுநாள் காலையில் காப்பி மட்டும் குடித்தாள். மத்தியானம் தட்டில் சோற்றைப் போட்டு, பிசைந்து, அப்படியே மூடி வைத்தாள். படையலுக்கு விரதமா என்று காவியா கேட்டதற்கு இல்லை என்றாள். லாரி ஓட்டும் அப்பா தொப்பூரிலிருந்து தொலைபேசியில் அழைத்துத் திட்டியதற்கும் ஊம் கொட்டினாள். அதற்கும் மறுநாள் பாத்திரம் கழுவும்போது கண் இருட்டி, குழாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். காவியா பதறிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள்.

"நான்தாண்டி வருசா வருசம் வா வான்னு கூப்புடறேன்," என்றாள் தீர்த்தம்மாள் மெதுவாக. "என் பேச்சை நம்பி அங்க ஒண்ணும் திங்காம கெடக்கறாளோ என்னமோ. அவ சாப்புட்டாளான்னு தெரியாம எனக்கு எப்புடி சோறு எறங்கும்?"

அது வெறும் கதை என்று சொல்லத்தான் காவியா வாயெடுத்தாள். ஆனால், அதே கதையைப் படித்துவிட்டுத் தானும் தூங்காமல் புரண்டது நினைவுக்கு வந்தது. சொல்லவில்லை. வெளியே போய்ச் சமரீனுக்கு அழைத்தாள், முடிவைக் கேட்டாள். முடிவைச் சொன்னால் படிக்கிற சுகம் போய்விடும் என்று சமரீன் முதலில் விளையாட்டுக் காட்டினாள். நடந்ததைக் காவியா சொல்லி முடித்தாள். சமரீன் தானே வருவதாகச் சொல்லிவிட்டு வைத்தாள்.

அரை மணியில் ஸ்கூட்டி வந்து நின்றது. மாடத்தில் மஞ்சளும் குங்குமமுமாக இருந்த தன் புத்தகத்தைச் சமரீன் பார்த்தாள். காவியா தரையைப் பார்த்தாள்.

"நாலு தடவ படிச்சிருக்கேன். இவ்ளோ மரியாத நான் ஒரு நாளும் குடுத்ததில்ல," என்றாள் சமரீன்.

தீர்த்தம்மாள் அவளை உட்கார வைத்து, அந்தப் பெண் கடைசியில் சாப்பிட்டாளா என்று நேராகவே கேட்டாள். சமரீன் அவள் முகத்தையும், மாடத்தையும் பார்த்தாள். வாயால் சொன்னால் நான் இட்டுக்கட்டியதாகத் தோன்றும், அதில் இருக்கிறபடியே படித்துச் சொல்கிறேன், பிரிக்கலாமா என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமைக்கு முன் பிரிப்பதில்லை என்பது தீர்த்தம்மாள் வைத்த முறை. அவள் மாடத்தைப் பார்த்துக் கும்பிட்டு, ஏதோ முணுமுணுத்தாள்.

"பிரிம்மா. உன் பொருள்தான. அவ ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா."

சமரீன் உடனே எடுக்கவில்லை. முற்றத்துக் குழாயில் கையும் காலும் கழுவிக்கொண்டு வந்தாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை. இன்னொருவர் நெஞ்சில் வைத்துப் போற்றுவதைத் தொடும்போது கையைக் கழுவிக்கொள்வது சின்னக் காரியம்தான்; அதைப் பார்த்துத்தான் காவியாவுக்குக் கண் நிறைந்தது. சமரீன் நூலை அறுக்காமல் முடிச்சை அவிழ்த்தாள். பூவைத் தனியே எடுத்து வைத்தாள். பிறகு ஒரு வரி ஆங்கிலம், ஒரு வரி தமிழ் என்று படிக்கத் தொடங்கினாள்.

இஸ்லின் மடிந்துகொண்டிருக்கிறாள். தன் உலகத்துச் சோறு அவளைச் சிறை வைக்கும் என்று இளவரசனுக்குத் தெரியும். தின்னச் சொன்னால் அவள் தனக்கே ஆகிவிடுவாள் என்பதும் தெரியும். அவன் சொல்லவில்லை. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே வந்து, கொட்டும் பனியில் பிச்சைக்காரனைப் போல அவள் அம்மாவின் கதவைத் தட்டுகிறான். மகளைப் பறிகொடுத்தவள் கதவைத் திறக்கிறாள். யாரென்று கேட்கவில்லை. பசி என்கிறான். மகளுக்கென்று அன்றாடம் ஒரு பங்கு கூடுதலாகக் காய்ச்சும் கஞ்சியைச் சட்டியோடு தூக்கிக் கொடுக்கிறாள். இரும்புச் சட்டி. இரும்பு பட்டால் அவன் இனத்தாருக்குத் தோல் வெந்துபோகும். அவன் துணிகூடக் கேட்காமல் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறான். ஏரிவரைக்கும், ஏரிக்கு அடியிலும், வெந்த கையிலிருந்து சட்டியை இறக்காமல் கொண்டுபோய் அவள் வாயருகில் வைக்கிறான்.

"'இது உன் வூட்டுச் சோறு. இத சாப்ட்டா யாரும் உன்ன கட்டிப்போட முடியாது'ங்கறான்," என்று படித்தாள் சமரீன். "அவ சாப்பிடறாம்மா. சட்டிய வழிச்சு சாப்பிடறா."

காவியா அவள் தோள்வழியே எட்டி அந்த வரியைப் பார்த்தாள். இருந்தது. எழுத்துக்கு எழுத்து அப்படியேதான் இருந்தது. தீர்த்தம்மாளின் பெயரைக் கேட்டிராதவள், கடத்தூர் எந்தத் திசையில் இருக்கிறது என்று அறியாதவள், அந்த வரியை எப்படி எழுதினாள்? கதவைத் தட்டியவனுக்கு ஒருத்தி கஞ்சி கொடுத்தாள். அது அவளே அறியாமல் தண்ணீருக்கு அடியில் இருந்த மகளுக்குப் போய்ச் சேர்ந்தது. படைக்கும் சோறு எங்கே போகிறது என்று கல்லூரிக்குப் போன நாளிலிருந்து காவியாவுக்குள் இருந்த கேள்வி, அந்தக் கணத்தில் வாயடைத்து நின்றது.

தீர்த்தம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அந்தப் பையனோட கைக்கு மருந்து போட்டாங்களா?"

சமரீன் பக்கத்தைப் புரட்டினாள், திரும்பப் புரட்டினாள். அதைப் பற்றி எழுதவில்லையே என்றாள் வருத்தமாக.

"எழுதறவங்களுக்கு அதெல்லாம் எங்க நெனப்பு இருக்கும்," என்று தீர்த்தம்மாள் எழுந்தாள். மூன்று தட்டு எடுத்து வைத்தாள். சோற்றைப் பிசைந்து, முதல் வாயைத் தின்று, கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக விழுங்கினாள்.

வெள்ளிக்கிழமை கலசம் வந்தது. உறவுக்காரர்கள் கூடியிருந்தார்கள். புதுப்பாவாடைக்கு முன்னால் தலைவாழை இலையில் பாரதிக்குப் பிடித்த கொழுக்கட்டையும் கத்தரிக்காய்க் குழம்பும் பரிமாறிய தீர்த்தம்மாள், பக்கத்தில் இன்னொரு இலையையும் விரித்தாள். அதிலும் எல்லாம் வைத்தாள். ஒரு சின்னக் கிண்ணத்தில் உப்புப் போடாத வெண்ணெயை வழித்து வைத்தாள்.

காவியாவின் அத்தை குள்ளம்மாள், வழக்கமில்லாத வழக்கமாக இது யாருக்கு என்று கேட்டாள். வெண்ணெய் எதற்கு என்றும் கேட்டாள்.

"மாப்பிள்ளைக்கு," என்றாள் தீர்த்தம்மாள். "கை வெந்துபோச்சு. தடவிக்கட்டும்."