ஒரு வீட்டுக்கு ஒரு கை

"போதும், போதும். இன்னும் தேய்ச்சா தோலே கழண்டு வந்துடும்" என்று சைக்கிள் கடைக்காரர் கையை இழுத்துக்கொண்டார்.

செம்பைச் சாய்த்துப் பிடித்திருந்தவள் அவருடைய இறந்துபோன தம்பியின் மனைவி.

"நகத்துக்குள்ள கிரீஸ் இருக்கு மாமா."

"கையைத்தானே எண்ணப் போறாங்க, நகத்தையா?"

"கூட்டத்துல பாலத்துக்குத்தானே மாமா கையைத் தூக்குவீங்க?"

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "காலையிலேர்ந்து கிளிப்பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லிட்டே இருக்கே. செத்தவன் உனக்கு மட்டுமா சொந்தம்? எனக்கும் கூடப் பொறந்தவன்தான்."

அவள் செம்பைக் கீழே வைத்தாள். உள்ளேயிருந்து அவள் மகள்தான் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "விடும்மா. பெரியப்பா எனக்காகவாவது தூக்குவார். என் புள்ள மழைக்காலத்துலதான் பொறக்கப் போவுது. அதுக்கு நீஞ்சத் தெரியாதுல்ல?"

அந்தப் பெண்ணுக்கு மூன்றாம் மாதம். கணவன் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் பாதி நாள் வெளியூர். அதனால் தாயோடு இருந்தாள்.

அவர்கள் இருந்த பின் தெருவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே ஒரு கால்வாய்தான் ஓடியது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிர்க்கரையில் பிரசவ வார்டின் விளக்கு தெரியும். ஆனால் பாலம் இல்லை. கால்வாயின் குறுக்கே போகும் தண்ணீர்க் குழாயின் மேல்தான் தெருவே நடந்தது. அந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் துணி மடிக்கும் வேலை தாய்க்கு. புருஷன் வழுக்கி விழுந்து செத்த அதே குழாயின் மேல்தான் தினமும் வேலைக்குப் போய் வந்தாள். குழாயை விட்டால் பெரிய சாலை வழியாக ஊர் எல்லைக்கு வெளியே போய், ஊரையே சுற்றி உள்ளே வர வேண்டும். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதைதான்.

அந்த ஊர் நகரசபைக்குத் தன் ஜனநாயகத்தைப் பற்றி ரொம்பப் பெருமை. வருஷத்துக்கு ஒரு தடவை மக்களைக் கூட்டி, எந்த வேலையை முதலில் செய்வது என்று கேட்பார்கள். ஒவ்வொரு வேலையாகப் படிக்கப் படிக்கக் கை தூக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒரு கை, அதுவும் ஒரே ஒரு தடவை. அந்தக் கை ஆண்பிள்ளையின் கை. ஆண் துணை இல்லாத வீட்டுக்குச் சொந்தக்கார ஆண் யாராவது தூக்குவார். சட்டம் எதிலும் இப்படி எழுதியிருக்கவில்லை. எழுதாத சட்டத்தை மாற்றச் சொல்லி யாரிடம் போய்க் கேட்பது? ஆகவே சைக்கிள் கடைக்காரரின் வலது கைதான் அண்ணன் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் சேர்த்து ஒரே கை.

பெண்கள் வெளியே ஜன்னலோரம் நின்று வேடிக்கை பார்க்கலாம். அதற்குத் தடை இல்லை.

பின் தெரு ஆண்கள் மண்டபத்தின் கடைசியில் சுவரோரமாக நிற்பார்கள். நாற்காலிகள் பெரிய சாலைக்காரர்களுக்கு. யாரும் போட்ட உத்தரவு இல்லை. அப்பன் நின்ற இடத்தில் பிள்ளையும் நின்றான், அவ்வளவுதான். தெருவில் வயதும் வாயும் உள்ளவர் சைக்கிள் கடைக்காரர் என்பதால், அவர் கை உயர்ந்தால் தெருவின் கைகள் எல்லாம் உயரும்.

இந்த விஷயம் நகரசபைத் தலைவருக்கும் தெரியும்.

"அடடே, பெரியவர் ஏன் அங்க நிக்கறார்? முன்னால வாங்க. இது உங்க இடம்" என்று மேடையிலிருந்தே கூப்பிட்டார். முதல் வரிசையில், மெத்தை வைத்த நாற்காலி ஒன்று காலியாக இருந்தது. சைக்கிள் கடைக்காரர் இடம் வலம் பார்த்தார். தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று புரிந்ததும் காது மடல் சிவந்தது. துண்டால் நாற்காலியைத் துடைத்துவிட்டு நுனியில் உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த நகைக் கடைக்காரர் "சௌக்கியமா?" என்று வேறு கேட்டுவிட்டார்.

"முதல் வேலை, ஊர் எல்லையில் வரவேற்பு வளைவு" என்று குமாஸ்தா படித்தார்.

தலைவர் சைக்கிள் கடைக்காரரின் முகத்தைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

தேய்த்துத் தேய்த்துக் கழுவிய கை மெல்ல மேலே போனது.

சுவரோரம் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "வளைவுக்கா?" என்றான் ஒருவன். "பெரியவர் தூக்கறார்னா ஏதாவது காரணம் இருக்கும்" என்றான் இன்னொருவன். எல்லாக் கைகளும் உயர்ந்தன. காரணம் அந்த நாற்காலியைத் தவிர வேறொன்றும் இல்லை என்று பாவம், அவர்களுக்குத் தெரியாது.

கடைசியாகக் கால்வாய்ப் பாலத்தைப் படித்தபோது தூக்குவதற்குத் தெருவில் கை மிச்சமில்லை. "இதுக்கு யாருமே இல்லியா? சரி, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார் தலைவர். ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த தம்பி மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"முன்னால உக்கார வச்சுட்டாங்கம்மா. அந்த ஆள் முகத்தைப் பார்த்துக்கிட்டு எப்படித் தூக்காம இருக்கறது?"

"ஒரு நாற்காலிக்கா மாமா?" என்றாள் அவள்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். நிற்கவே பிறந்தவனை ஒரு நாள் உட்கார வைத்தால் அவன் எதைத்தான் கொடுக்க மாட்டான்? அவளுக்கும் அது புரிந்தது. புரிந்ததால் வலி குறைந்துவிடவில்லை.

வளைவு மளமளவென்று எழுந்தது. ஒரு தெருவிளக்கு மாற்ற ஒரு வருஷம் எடுக்கும் நகரசபை, ஆறே மாதத்தில் பளபளவென்று கட்டி முடித்துவிட்டது. "எல்லோரும் வருக" என்று பொன்னெழுத்து. திறப்பு விழாவில் சைக்கிள் கடைக்காரருக்குச் சட்டையில் ஒரு ரிப்பன் பூவைக் குத்தி, சாலையின் குறுக்கே கட்டிய கயிற்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைத் தந்தார்கள். தலைவர் நாடாவை வெட்டும்வரை ஒரு வண்டியும் உள்ளே போகக்கூடாது.

அன்று மழை விட்டு விட்டுப் பெய்தது. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மகளுக்கு வலி எடுத்தது. கால்வாயில் வெள்ளம் குழாயைத் தொட்டுக்கொண்டு ஓடியது. அதன் மேல் பிள்ளைத்தாய்ச்சியை எப்படி நடத்திக்கொண்டு போவது? தாய் ஓடிப்போய் ஒரு வாடகை வண்டியைப் பிடித்து வந்து, பெரிய சாலை வழியாகக் கிளம்பினாள்.

வளைவருகே வண்டி ஹாரனை விடாமல் அடித்தது. சைக்கிள் கடைக்காரர் மேடையைப் பார்த்து நின்றிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்காமல், வலது கையைப் பின்பக்கமாக உயர்த்தி, "இருப்பா, நாடா வெட்டட்டும்" என்றார்.

தலைவர் ஊரின் வளர்ச்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய பேச்சுக்கு முற்றுப்புள்ளி என்ற ஒன்று கிடையாது. வண்டி நின்றது. ஹாரன் மறுபடி அலறியது. உயர்ந்த கை இறங்கவில்லை. கடைசியில் நனைந்த சேலையோடு ஒருத்தி கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்து அந்தக் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"மாமா! உள்ள நம்ம புள்ள மாமா!"

அவர் கயிற்றைப் பிடுங்கி எறிந்தார். சட்டையிலிருந்த பூவோடு வண்டிக்கு முன்னால் ஓடிக் கூட்டத்தை விலக்கினார். மேடையில் யாரோ "என்னய்யா இது?" என்று அதட்டினார்கள்.

குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. ஆண் குழந்தை. "கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருக்கலாமே" என்றாள் நர்ஸ், வழக்கமாகச் சொல்வதுபோல. சுற்றிக் கொடுத்த வெள்ளைத் துணியின் மடிப்பைப் பாட்டியானவள் பார்த்தாள். அது அவள் மடித்த துணி. முந்தின நாள்தான், மகளுக்கு உதவும் என்று ஓரம் பார்த்துப் பார்த்து மடித்திருந்தாள். அப்போதுதான் அவளுக்கு வாய்விட்டு அழ வந்தது.

அதன் பிறகு சைக்கிள் கடைக்காரர் அவள் வீட்டுப் பக்கம் வந்தாலும் வாசலோடு நின்றுவிடுவார். மகள்தான் ஒருநாள், "உள்ள வாங்க பெரியப்பா" என்றாள். அவர் குழந்தையைப்போல அழுதார். மகளும் அழுதாள். தாய் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாளே தவிரத் தேற்றவில்லை.

அடுத்த வருஷக் கூட்டம் வந்தது. அவர் கையைக் கழுவவில்லை. கடையிலிருந்து கிரீஸோடு வந்து, "கிளம்பும்மா. வெளிய இல்ல, உள்ள" என்றார்.

"பெரியவரே, உங்க நாற்காலி" என்று தலைவர் கூப்பிட்டார். அவர் சுவரை விட்டு அசையவில்லை. அவருக்குப் பக்கத்தில் தம்பி மனைவியும் மகளும் நின்றார்கள். மண்டபத்தில் சலசலப்பு எழுந்து அடங்கியது.

"முதல் வேலை, வளைவுக்கு வண்ண விளக்கு."

முன்வரிசையின் கைகள் உயர்ந்தன. பின் தெரு சைக்கிள் கடைக்காரரின் கையைப் பார்த்தது. அது தொங்கியபடியே இருந்தது. தெருவின் கைகளும் தொங்கின.

"கால்வாய்ப் பாலம்" என்றார் குமாஸ்தா.

தாயின் கை உயர்ந்தது. அதைப் பார்த்துத் தெருவின் கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. குமாஸ்தா எண்ணிக்கொண்டே வந்து அவளிடம் தயங்கி நின்றார்.

"பொம்பளை கையைச் சேர்க்கறதில்லம்மா. பெரியவரே, நீங்க தூக்குங்க, எழுதிக்கறேன்."

"என் கையைத்தான் போன வருஷம் எண்ணினீங்களே. அந்தக் கை என்ன பண்ணிச்சுன்னு எனக்குத் தெரியும்" என்றார் அவர். "இனி எங்க வீட்டுக் கை இவ கைதான்."

குமாஸ்தா தலைவரைப் பார்த்தார். தலைவர் வேண்டாம் என்று தலையை அசைத்தார். அவள் கையை எண்ணாமல் குமாஸ்தா அடுத்த கைக்குப் போனார். எண்ணி முடித்ததும், வண்ண விளக்குதான் முதலில் என்று அறிவித்தார்கள். பாலம் அடுத்த வருஷத்துக்குப் போனது. நாற்காலிகள் கிரீச்சிட்டன. பெரிய சாலைக்காரர்கள் குடையைத் தேடினார்கள்.

அவள் கை இறங்கவில்லை.

"கூட்டம் முடிஞ்சு போச்சும்மா. கையை எறக்கு" என்றார் தலைவர்.

"எண்ணுங்க, எறக்கறேன்" என்றாள் அவள்.

வாசல்வரை போனவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். குமாஸ்தா மூடிய பேனாவைத் திறக்கவும் முடியாமல் பையில் வைக்கவும் முடியாமல் நின்றார். துணி மடித்து மடித்துத் தேய்ந்த அந்தக் கை மெல்லச் சாயத் தொடங்கியது. மகள் அருகில் வந்து, தாயின் முழங்கையைத் தன் இரண்டு கைகளாலும் தாங்கிக்கொண்டாள்.