அட்டைப்பட நீலம்

"திரையில சரியாத்தான் இருக்கு, உன் பிரிண்டருக்குத்தான்..."

"பிரிண்டரைச் சொன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும் அண்ணி! உங்க மானிட்டர்தான் பொய் சொல்லுது."

"அதெப்படிடி சொல்லும்? காலையில அதோட முகத்துல கலர் மீட்டரை வச்சு அளந்தது யாரு, நான்தானே?"

"இங்க மட்டும் என்ன? மையும் தாளும் நான் அளந்து வச்சதுதானே!"

அண்ணியும் நாத்தனாரும் சேர்ந்து நடத்தும் அச்சகம். திரை அண்ணியின் பொறுப்பு, அச்சு நாத்தனாரின் பொறுப்பு. ஓவியர் ஒருவர் தம் ஓவியப் புத்தகத்தை இவர்களிடம் கொடுக்கலாமா என்று பார்க்க வந்துகொண்டிருந்தார். அட்டையிலுள்ள கடலின் நீலம் திரையில் இருப்பதுபோலவே தாளில் வந்தால் புத்தகம் இவர்களுக்கு. வராவிட்டால் வேறு அச்சகத்துக்கு. இவ்வளவு பெரிய வேலை இந்த வாசல்படி ஏறியதே இல்லை.

முதல் தாளில் கடல் ஊதாவாகத் தெரிந்தது. நாத்தனார் அதைக் கசக்காத குறையாகக் கூடையில் வீசிவிட்டு, சிவப்பைக் குறைத்து இன்னொன்று அடித்தாள். விளக்கடியில் வைத்துப் பார்த்தார்கள்.

"இப்ப பரவாயில்லடி."

அழைப்பு மணி அடித்தது. அண்ணி வாசலுக்கு ஓடினாள்.

"அய்யோ அண்ணி, கடல்ல பச்சையா பாசி பிடிச்சிருச்சு!"

"யாரோ வீடு மாறி வந்திருக்காங்க. என்னது, பாசியா?" என்று திரும்பி வந்தாள் அண்ணி. பாசியைக் காணோம்.

நாத்தனார் தாளைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். "கொஞ்சம் தள்ளிப் போங்க. இப்ப வாங்க. போங்க..."

"என்னடி, என்னை வச்சுப் பொம்மலாட்டமா?"

"உங்க சேலை அண்ணி! ஆரஞ்சு மொத்தமும் தாள் மேல அடிக்குது!"

வேலை நாளில் இருவரும் சாம்பல் நிறத்தைத் தவிர வேறெதுவும் உடுத்துவதில்லை. வீட்டில் இவர்களுக்கு 'எலிகள்' என்றே பேர். இன்று பெரிய மனிதர் வருகிறாரே என்று அண்ணி ஆசையாகப் புதுச்சேலை கட்டியிருந்தாள்.

நாத்தனார் கூடைக்குள் தலையை விட்டு முதல் தாளை மீட்டாள். பிரிண்டரின் கறுப்பு உறையை எடுத்து அண்ணியைக் கழுத்துவரை போர்த்தினாள். விளக்கடியில் கடல் விரிந்தது. திரையில் இருந்த அதே நீலம், அச்சு அசலாக!

"அடி என் ராசாத்தி!" என்று அண்ணி உறையோடு குதித்தாள்.

மறுபடியும் மணி அடித்தது. நாத்தனார் துள்ளிப் போய்க் கதவைத் திறந்தாள். தலையிலிருந்து கால்வரை மிளகாய்ப்பழச் சிவப்பில் சிரித்தபடி நின்றார் ஓவியர்.

"வாங்க வாங்க... தப்பா நினைக்காதீங்க, அந்தச் சட்டையைக் கொஞ்சம் கழட்டிட்டு வர்றீங்களா?"